சுருங்காத கட்டி

சாச்சாவின் இரண்டாவது ஸ்கேன் அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள. ஈரலில் இருந்த கட்டி சிகிச்சைக்கு முன்பு 62 மில்லிமீற்றர், பின்பு 60. "அப்ப வைத்தியம் சரிவரல்லியா மகன்?" என்று சாச்சி கேட்டா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அறிக்கையின் கடைசி வரி, கட்டி ஓரளவு துலங்கியிருக்கிறது என்றது. (தூண்டல், துலங்கல் என்று பாடசாலையில் படித்தோமே, அதே சொல்தான்.) இரண்டும் எப்படிப் பொருந்தும்?

துலங்கலை அளக்கப் பழைய வழி பருமனைப் பார்ப்பது. ஸ்கேன் பரவலாகாத காலத்தில் கையால் தடவியே அளந்தார்கள். 1976 இல் மோர்ட்டல், ஹான்லி என்ற இருவர் 12 உருண்டைகளை நுரை மெத்தைக்குக் கீழே வைத்து, அனுபவமுள்ள 16 புற்றுநோய் வைத்தியர்களை அளக்கச் சொன்னார்கள். பருமன் மாறாத உருண்டையும் சில அளவீடுகளில் 'சுருங்கி' இருந்தது! ஆகவே சிறிய மாற்றத்தை நம்ப முடியாது. 2000 இல் வந்த 'ரெசிஸ்ட்' விதி, கட்டிகளின் நீண்ட விட்டங்களைக் கூட்டி, 30 வீதம் குறைந்தால்தான் பகுதித் துலங்கல், 20 வீதம் கூடினால் நோய் முற்றுகிறது என்று வரையறுத்தது.

ஈரற்கலப் புற்றுநோய்க்கு இந்த அடிமட்டம் சரிவரவில்லை. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால்வாசி வாயிநாளத்தால் வருகிறது. இந்தக் கட்டியோ பெரும்பாலும் நாடி இரத்தத்தையே குடித்து வளர்வது. அதனால் சாயமருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது, சாயம் நாடியில் ஓடும் முதல் சில விநாடிகளில் கட்டி பளிச்சென்று தெரியும். சாச்சாவுக்குச் செய்தது, தொடை நாடிவழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் நாடியில் மருந்தை விட்டு அதை அடைப்பது. கட்டி செத்தாலும் அதன் சடலம் உடனே கரையாது. அடிமட்டம் சடலத்தையும் சேர்த்தே அளக்கும்.

இதனால் 2000 இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய ஈரல் நிபுணர்கள் உயிருள்ள பகுதியையே கணக்கெடுக்க வேண்டும் என்றார்கள். 2010 இல் லென்சியோனியும் யோவெட்டும் அதைத் 'திருத்திய ரெசிஸ்ட்' ஆக்கினார்கள்: நாடிக் கட்டத்தில் பளிச்சிடும் பகுதியின் விட்டம் மட்டும்.

குளிசைக்கும் இதே சிக்கல்தான். 2008 இல் வெளியான சோராஃபெனிப் ஆய்வில் மருந்து பெற்ற 299 பேரில் 7 பேருக்கே கட்டி போதியளவு சுருங்கியது. அப்படியிருந்தும் இடைநிலை ஆயுட்காலம் 7.9 மாதத்திலிருந்து 10.7 ஆகக் கூடியது. சுருக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

புதிய விதியிலும் வில்லங்கம் உண்டு. அடைப்புக்குச் சேர்க்கும் லிப்பியோடோல் எண்ணெய் சீடீ ஸ்கேனில் தானே வெள்ளையாகத் தெரிவதால், மிஞ்சிய உயிர்ப்பகுதி அதற்குள் மறைந்துவிடலாம். அந்த நேரம் எம்ஆர்ஐ உதவும்.

சாச்சாவின் அறிக்கையைத் திரும்ப வாசித்தேன். நடுப்பக்கத்தில், நான் பாயவிட்ட ஒரு வரியில், பளிச்சிடும் பகுதி 18 மில்லிமீற்றர் என்றிருந்தது. முன்பு 62 முழுவதுமே பளிச்சிட்டது. பழைய கணக்கில் 3 வீதம், புதிய கணக்கில் 71. அந்த 18 இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு இன்னொரு தரம் அடைக்க வேண்டும் என்று டொக்டர் அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்.