வலையா, சிலேட்டா?

தம்பி! பாம்பன் கரையில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரலாமா என்கிறாய். தரலாம். ஆனால், எந்தப் பாடம் என்று தீர்மானிப்பவர் யார்?

1953 இல் ஆச்சாரியார் தீர்மானித்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நாளுக்கு 3 மணி நேரம். மிச்சப் பொழுதில் அப்பன் தொழில்! மீனவன் மகனுக்கு வலை, சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி! வக்கீல் மகனுக்கு? அவன் நகரத்தில் இருந்தான். திட்டம் அவனைத் தீண்டவில்லை! பெரியார் எதிர்த்தார், கழகம் மும்முனைப் போராட்டத்தில் இறங்கிற்று, 1954 இல் காமராசர் அதைக் கைவிட்டார்.

2021 இல் வீட்டு வாசலுக்கு வந்தது வேறு பாடம். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட, 'இல்லம் தேடிக் கல்வி'. பள்ளி நேரத்தை அது வெட்டவில்லை. மாலை 5 முதல் 7 மணிக்குள் தன்னார்வலர்கள் 8 ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள்.

நீயும் பள்ளி விட்ட பிறகு நடத்து. சின்னப் பிள்ளைக்கு அரை மணி போதும். தராசில் மீன் ஏறும்போது கணக்கு, விளக்கு வைத்ததும் இந்த ஏட்டின் தலைப்பை எழுத்துக் கூட்டட்டும் (தலையங்கம் வேண்டாம், தூங்கிவிடும்!). வலை பின்னவும் பழக்கு, தப்பில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் வலையைக் கீழே வை. நீ கடலில் இருக்கும் நாளில் துணைவி பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு எழுத்துத் தெரியாதா? பிள்ளை பக்கத்தில் அவரும் உட்காரட்டும்.