மூன்று ரூபாயும் ஒரு புகைவண்டியும்

இந்தக் காலத்தில் ரயில் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. திருவண்ணாமலை ஸ்டேஷனிலே பௌர்ணமியன்று பாருங்கள். கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தை இறக்கிவிட்டு, மின்சார வண்டி பூனை மாதிரி நழுவிப் போய்விடுகிறது. ஆனால், எழுபது வயதைத் தாண்டிய அம்மாமார்களிடம் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அதெல்லாம் ஒரு ரயிலா? எங்கள் காலத்து ரயிலல்லவா ரயில்!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கரி, புகை, 'கூ' என்ற ஊதல், கூஜாத் தண்ணீர், எல்லாம் வரிசையாக வரும்.

கேட்கிற நமக்குச் சிரிப்பு வரும். கண்ணிலே கரித்தூள் விழுவதிலும், கட்டிய வெள்ளை வேஷ்டி சாம்பல் நிறமாவதிலும் அப்படி என்ன சுகம்?

எஞ்சினும் இட்லிப் பானையும்

நீராவி எஞ்சினின் சூட்சுமத்தைச் சமையலறை தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இட்லிப் பானையின் மூடியைத் தடதடவென்று ஆட்டுகிறதே, அந்த ஆவிதான் அங்கே சக்கரத்தைச் சுழற்றியது. நிலக்கரி நெருப்பிலே கொதிகலத்துத் தண்ணீர் ஆவியாகும். ஆவி சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளி முடித்ததும் புகைபோக்கி வழியாகக் 'குப்' என்று வெளியேறும். அப்படிப் போகும்போது நெருப்பின் ஊடே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதாவது, எஞ்சின் தன் அடுப்பைத் தானே ஊதுகுழல் வைத்து ஊதிக்கொண்டது! ஏற்றத்தில் பாரம் இழுக்க இழுக்க, நெருப்பும் கொழுந்துவிட்டு எரிந்தது.

அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவர் ஃபயர்மேன். ஓடுகிற வண்டியில், சித்திரை வெயிலில், கரியை வாரி வாரிப் போட்ட அந்த மனிதரை நினைத்தால், கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு "அப்பா, என்ன வேக்காடு!" என்று சொல்ல நமக்கு வாய் வராது.

எஞ்சினுக்குத் தாகமும் அதிகம். வழியில் பெரிய ஸ்டேஷன்களிலே நின்று தண்ணீர் குடித்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் பிரயாணிகளின் சம்சாரம் விரியும். மிளகாய்ப் பொடி தடவிய இட்லிப் பொட்டலம் அவிழும். எதிர் ஆசனத்துக் குழந்தைக்கு ஒன்று போகும். முதல் ஸ்டேஷனில் "எந்த ஊருக்கு?" என்று தொடங்கும் பேச்சு, மூன்றாவது ஸ்டேஷனுக்குள் பெண்ணின் ஜாதகம் வரைக்கும் வந்துவிடும்.

அம்மாமார்கள் ஏங்குவது புகைக்காக இல்லை, இந்தப் பேச்சுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கைப் பேச்சாக மட்டும் அதை எண்ணிவிட வேண்டாம். அப்படி ஒரு பேச்சினால் வழி தெரிந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ஒரு பையனின் கதையைக் கேளுங்கள்.

பழைய அட்லஸ்

1896-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி. மதுரையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன். அண்ணாவின் காலேஜ் சம்பளத்தைக் கட்டுவதற்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயுடன் ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். போக வேண்டிய இடம் அருணாசலம் என்பது மட்டும் அவனுக்கு நிச்சயம். கையில் கிடைத்த பழைய அட்லஸில் பார்த்தபோது, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று பட்டது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பாதை போட்ட விஷயம் அந்த அட்லஸுக்குத் தெரியாது!

அவன் ஸ்டேஷனுக்குத் தாமதமாகத்தான் போனான். நல்ல வேளை, ரயிலும் அன்று தாமதம். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கி ஏறினான். மிச்சம் மூன்றே அணா. பெட்டியில் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்தவனிடம், வெள்ளைத் தாடி வைத்த மௌல்வி ஒருவர் எங்கே போகிறாய் என்று விசாரித்தார். திருவண்ணாமலைக்கு என்றதும், திண்டிவனம் போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் மாறினால் அந்த ஊருக்கே ரயில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். அட்லஸ் சொல்லாததை ஒரு சக பிரயாணி சொன்னார்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம். பொழுது விடிந்த பிறகு ஒரு ஹோட்டலில் சாப்பாடு. கையிலிருந்த இரண்டரை அணாவில் இரண்டை நீட்டினால், நீயே வைத்துக்கொள் என்று ஹோட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு, சுமார் பத்து மைல், நடை. மறுநாள் கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சோறு போட்டார்கள். காதிலிருந்த கடுக்கனை வைத்துக்கொண்டு நாலு ரூபாய் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள், கிருஷ்ணனுக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன்பே பட்சணப் பொட்டலமும் கட்டிக் கொடுத்துவிட்டார்! செப்டம்பர் 1-ந் தேதி காலையில் ரயிலேறி, பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிறகு ஐம்பத்து நாலு வருஷம், 1950-இல் சித்தியடையும் வரையில், அந்த மலையை விட்டு அகலவில்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் தாயார் அழகம்மாளின் நினைவும் வருகிறது. ஒரு பையனைக் கொண்டு சேர்த்த அதே ரயில், ஒரு தாயிடமிருந்து அவனைப் பிரித்தும் விட்டது. 1898-இல் அவர் பவழக்குன்றுக்கு வந்து அழுது அழைத்தும் பிள்ளை திரும்பவில்லை. அவனை விட்டுவிட்டுத்தான் ஊர் போனார். 1916-இல் மகனிடமே வந்து தங்கி, 1922-இல் அங்கேயே கண்ணை மூடினார். ரமணாசிரமம் எழுந்தது அவருடைய சமாதியை ஒட்டித்தான்.

புகை போனது, பேச்சு?

1853-இல் பம்பாயிலும், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கும் ஓடத் தொடங்கிய புகைவண்டிகள் மெல்ல மெல்ல விடைபெற்றன. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி அகலப் பாதை நீராவி எஞ்சினை 1970-இல் செய்து முடித்தது. அதற்கு 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம், என்று பெயர். விழுப்புரம் - காட்பாடி மீட்டர் கேஜ் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு அகலப் பாதையாகிவிட்டது. இன்று நீராவியைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப் பாதைக்குப் போக வேண்டும். அதில் ஓடும் எஞ்சின்களில் சில, நம் திருச்சி பொன்மலையில் புதிதாகச் செய்தவை.

போனதற்கெல்லாம் அழ வேண்டியதில்லை. அன்று பதினைந்து மணி நேரம் பிடித்த மதுரை - விழுப்புரம் பயணத்தை இன்று ஐந்து மணிக்குள் முடிக்கும் வண்டிகள் இருக்கின்றன. பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண்ணுக்கு அது பெரிய வரம். ஃபயர்மேனின் முதுகும் தப்பித்தது.

ஆனால், இன்றைக்கு ஒரு பதினாறு வயதுப் பையன் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், எந்த ஸ்டேஷனில் மாற வேண்டும் என்பதைக் கைபேசி பிழையில்லாமல் சொல்லிவிடும். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா, வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா என்று அது கேட்காது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில்வேக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். காலம் அப்படி, எச்சரிக்கையும் நியாயந்தான். பட்சணம் கொடுக்க வேண்டாம். ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லையே!

அடுத்த முறை ரயிலேறும்போது, எதிரில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "எந்த ஊருக்குப்பா?" என்று கேட்டு வையுங்கள். அதற்குக் கரியும் வேண்டாம், புகையும் வேண்டாம்.