பாக்கெட் பால் திரிவது ஏன்?

காலையில் வாங்கிய பால் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்பது நம் வணிகர்களுக்குப் பழக்கமானதே. பார்வைக்கு நன்றாக இருந்த பால் சூடானதும் ஏன் திரிகிறது?

பால் ஒரு கூழ்மம். உப்பு நீரில் கரைவதுபோல் பாலிலுள்ள கேசின் புரதம் கரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மிதக்கிறது. இத்தகைய பொருள்களுக்கு 1861-ல் 'கொலாய்டு' எனப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி தாமஸ் கிரகாம். துகள்கள் அனைத்தின் மேலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி, ஒட்டாமல் நிற்கின்றன.

வெப்பத்தில் கிடக்கும் பாலில் பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலம் சேர்கிறது. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது. புளிப்பு ஏற ஏற பி.எச். அளவு குறையும். புதுப் பாலில் சுமார் 6.7 ஆக இருப்பது 4.6-க்கு இறங்கினால், சூடு இல்லாமலே பால் உறைந்துவிடும். அதற்கு வெகு முன்பே, சிறிதளவு புளிப்பு ஏறிய பால் கண்ணுக்கு நல்ல பாலாகவே தெரியும். கொதிக்க வைத்தால் திரியும்.

ஏறிய புளிப்பு பிரிட்ஜில் வைத்தாலும் இறங்காது. எனவே டிரே வந்து இறங்கியதும் பாலை 5 டிகிரி செல்சியசுக்குள் வையுங்கள். தேதி பார்த்து, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். வாசலில் டிரேயை அடுக்கி வைத்து விற்பதைத் தவிருங்கள். பாலும் கெடாது, கடையின் பெயரும் கெடாது.