ராஜா தெருவில் டேனிஷ் பாடம்

காரைக்காலில் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. அங்கே வேறொரு ஐரோப்பிய பாஷை ஒலித்தது என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க் தேசத்தார் அங்கே கோட்டை கட்டினார்கள். நடுவில் சில வருஷங்கள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய் வந்தது. 1845-ல் அவர்களுக்கே விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசியது டேனிஷ். நம்மவர் அதை அதிகம் கற்கவில்லை. கடற்கரை வியாபாரத்துக்குப் போர்த்துக்கீசியமே போதுமாயிருந்தது.

அந்தப் பாஷை எப்படிப்பட்டது? தரங்கம்பாடியின் ராஜா தெருவே முதல் பாடம் சொல்லும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோங்கென்ஸ் காதெ'.

'கோங்கெ' என்றால் ராஜா. 'கோங்கென்' என்றால் அந்த ராஜா. 'கோங்கென்ஸ்' என்றால் அந்த ராஜாவின். 'காதெ' தெரு. பார்த்தீர்களா? சொல்லின் வாலில் ஒட்டு மேல் ஒட்டு! பிரெஞ்சுக்காரர் 'லெ ருவா' என்று, 'அந்த' என்பதற்கான சொல்லை முன்னால் வைப்பார். டேனிஷ்காரர் பின்னால் ஒட்டுவார். ராஜாவை, ராஜாவுக்கு, ராஜாவின் என்று ஒட்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

ஒரு தொல்லை உண்டு. எல்லாச் சொல்லுக்கும் ஒரே வால் இல்லை. படகுக்கு 'என்', வீட்டுக்கு 'எத்'. வீடு 'ஹூஸ்', அந்த வீடு 'ஹூஸெத்'. எதற்கு எது என்று பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். (உச்சரிப்பு ஏறக்குறையத்தான், டேனிஷ்காரர் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்.)

யை ஸ்பீஸர் ரீஸ் — நான் சோறு சாப்பிடுகிறேன்.
து ஸ்பீஸர் ரீஸ் — நீ சோறு சாப்பிடுகிறாய்.
வீ ஸ்பீஸர் ரீஸ் — நாம் சோறு சாப்பிடுகிறோம்.

தமிழில் வினை மூன்று விதமாக மாறிற்று. டேனிஷில் 'ஸ்பீஸர்' அசையவே இல்லை. பிரெஞ்சு வினைகளோடு மல்லுக்கட்டிய காரைக்கால் மாணவருக்கு இது பெரிய விடுதலை! ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 'சாப்பிடுகிறேன்' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். சாப்பிடுவது யார் என்பதை 'ஏன்' விகுதி சொல்லிவிடும். அவர்கள் 'யை' என்பதை விடவே முடியாது. விட்டால் ஆள் யாரென்று தெரியாது.

கேள்வி கேட்க வினையை முன்னால் போட்டால் போதும்: ஸ்பீஸர் து ரீஸ்? — நீ சோறு சாப்பிடுகிறாயா? இல்லை என்று சொல்ல வினைக்குப் பின்னால் 'இக்க': யை ஸ்பீஸர் இக்க ரீஸ் — நான் சோறு சாப்பிடுவதில்லை.

மரியாதை விஷயத்தில்தான் நமக்குத் திகைப்பு. 'நீங்கள்' என்பதற்கு 'தீ' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் 1970-களுக்குப் பிறகு அது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. வாத்தியாரும் 'நீ'தான், மந்திரியும் 'நீ'தான். 'தயவு செய்து' என்பதற்கும் தனிச்சொல் கிடையாது. மீன் கடையில் 'என் ஃபிஸ்க், தாக்' என்பார்கள். அதாவது, 'ஒரு மீன், நன்றி.' மீன் கைக்கு வருமுன்பே நன்றி சொல்லியாகிவிட்டது!