பழைய கேசை அழிக்க முடியுமா? அத்திப்பட்டு வாலிபர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

அத்திப்பட்டு:
வேலை கிடைச்சாச்சு, மெடிக்கலும் முடிஞ்சாச்சு. போலீஸ் வெரிபிகேஷன் மட்டும்தான் பாக்கி. அங்கேதான் பலருக்கு வயிற்றில் புளியை கரைக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கோவில் திருவிழாவில் நடந்த அடிதடி கேஸ் இப்போது எழுந்து வந்து நிற்கும்.

அத்திப்பட்டை சுற்றி அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், கன்டெய்னர் யார்டு என்று வேலைக்கு குறைவில்லை. ஆனால் கேட் பாசுக்கு நன்னடத்தை சான்று கேட்கும் இடங்களில் பழைய கேஸ் குறுக்கே வருகிறது. "பத்தாயிரம் கொடு, கம்ப்யூட்டர்ல இருந்தே தூக்கிடுறேன்" என்று சொல்லும் புரோக்கர்களும் அப்போதுதான் வருவார்கள். எந்த புரோக்கராலும் எப்.ஐ.ஆரை தூக்க முடியாது. அதை ரத்து செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டு.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. சில வெளிநாடுகளில், தண்டனை முடிந்து சில ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால் பழைய குற்றப் பதிவை அழிக்கவோ மூடி வைக்கவோ சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் 18 வயது தாண்டியவர்களுக்கு அப்படி பொதுவான சட்டம் கிடையாது. ஆனால் கேஸ் எந்த கட்டத்தில் நிற்கிறது என்பதை பொறுத்து வேறு வழிகள் இருக்கின்றன.

"சமாதானம் ஆயிட்டோமே"

தெரு சண்டை என்றால் வழக்கமாக விழும் மூன்று செக்‌ஷன் 294(பி), 323, 506(1). ஆபாசமாக திட்டியது, அடித்தது, மிரட்டியது. (2024 ஜூலை 1-க்கு பிறகு நடந்த சம்பவம் என்றால் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே குற்றங்களுக்கு நம்பர் வேறு.) ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் கை கொடுத்து விட்டு வந்து விடுவார்கள். கேஸ் முடிந்தது என்று நினைப்பு. எப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அது அப்போதே கோர்ட்டுக்கு போயிருக்கும். ஸ்டேஷன் சமாதானத்தால் அது ரத்தாகாது.

323, 506(1) இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலேயே ராஜியாகலாம். அப்படி ராஜியானால் விடுதலை என்றுதான் அர்த்தம். ஆனால் 294(பி) அந்த ராஜி பட்டியலில் இல்லை. அது கூட சேர்ந்து இருந்தால் ஐகோர்ட்டுக்கு போக வேண்டி வரும். தனிப்பட்ட தகராறில் இரு தரப்பும் சமாதானமாகி விட்டால், ராஜி பட்டியலில் இல்லாத கேசையும் ஐகோர்ட்டு ரத்து செய்யலாம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கொலை, கற்பழிப்பு, கொள்ளை போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

இதற்கு பெயர் 'குவாஷ்' மனு. முன்பு குற்றவியல் நடைமுறை சட்டம் 482-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 528. அத்திப்பட்டுக்காரர்கள் சென்னை ஐகோர்ட்டில் போட வேண்டும். புகார் கொடுத்தவரின் சம்மதப் பத்திரம் கையில் இருந்தால் வேலை சுலபம்.

சமாதானத்துக்கு எதிர் தரப்பு வரவில்லையா? தேதியை பாருங்கள். ஒரு வருஷம் வரை ஜெயில் உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ளும், மூன்று வருஷம் வரை ஜெயில் உள்ள குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்குள்ளும் கோர்ட்டு கேசை பைலில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று செக்‌ஷனில் பெரியது 506(1), அதற்கு இரண்டு வருஷம் வரை ஜெயில். ஆக, மூன்று வருஷம் தாண்டியும் போலீசார் குற்றப்பத்திரிகை போடாமல் எப்.ஐ.ஆர். தூங்கிக் கொண்டிருந்தால், குவாஷ் மனுவுக்கு அதுவே பலமான காரணம். தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

மறியல், ஆர்ப்பாட்டத்தில் 188 செக்‌ஷனில் மாட்டியவர்கள் கதை வேறு. 188-ல் போலீசார் நேரடியாக எப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு அளித்தது. கொரோனா ஊரடங்கை மீறியதாக போட்ட சுமார் 10 லட்சம் கேஸ்கள் வாபஸ் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் கேஸ் அதில் முடிந்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பைன் கட்டினால் தண்டனைதான்

"ஒத்துக்கிட்டு பைன் கட்டிட்டு போப்பா" என்று யாரோ சொல்வார்கள். ஒரு நாள் கூலி போகக்கூடாது என்று இவரும் தலையாட்டி விடுவார். ஐநூறு ரூபாய் பைன் என்றாலும் சட்டப்படி அது தண்டனை. 'கன்விக்‌ஷன்' என்று ஏறி விடும். ஒத்துக்கொண்ட கேசில் அப்பீல் வழி மிகவும் குறுகியது. ரிவிஷன் மனு போட 90 நாள்தான். எனவே வக்கீலை கேட்காமல் குற்றத்தை ஒத்துக்கொள்ளக் கூடாது.

குற்றம் நிரூபணமானாலும், முதல் தடவை என்றால் நன்னடத்தை சட்டத்தில் (1958) விடும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதி இழப்பு இல்லை என்று அந்த சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. ஆனாலும் பதிவு அழியாது.

உண்மையிலேயே 'அழிப்பு' இருப்பது சிறுவர்களுக்குத்தான். 18 வயதுக்குள் செய்த தவறு என்றால், சிறார் நீதி சட்டம் (2015) 24-வது பிரிவுப்படி அப்பீல் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க உத்தரவு உண்டு. 16 வயதுக்கு மேல் கொடூர குற்றம் செய்து, பெரியவர் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு.

ரவுடி பட்டியல்

வடசென்னை பக்கம் இது தனி தலைவலி. கேசில் விடுதலை ஆன பிறகும் ஸ்டேஷனில் சரித்திர பதிவேடு திறந்தே இருக்கும். போலீஸ் நிலையாணைப்படி அது ஆயுளுக்கும் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பர் வரைதான். அதற்கு மேல் நீட்டிக்க உயர் அதிகாரி உத்தரவு வேண்டும். காரணமே இல்லாமல் நீட்டித்தால், முதலில் அதிகாரிக்கு மனு, பிறகு ஐகோர்ட்டில் ரிட்.

மறைத்தால் வேலை போகும்

விண்ணப்பத்தில் "கேஸ் உண்டா?" என்று கேட்டால் மறைக்கவே கூடாது. கேசை விட அதை மறைத்ததால் வேலை இழந்தவர்கள் நிறைய பேர். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும், சின்ன வயதில் நடந்த அற்ப கேஸ் என்றால் மறைத்ததைக்கூட வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றும் சொன்னது. சொன்னால் வேலை நிச்சயம் என்று அர்த்தம் இல்லை. முடிவு அவர்கள் கையில்.

போலீஸ் வேலைக்கு போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சாட்சி பல்டி அடித்தோ, சந்தேகத்தின் பலனாலோ கிடைத்த விடுதலை தமிழக போலீஸ் தேர்வு விதியில் போதாது. 2008-ல் ஐகோர்ட்டு முழு அமர்வும் இதை உறுதி செய்தது.

வெளிநாடு போக பாஸ்போர்ட்டு கேட்பவர்களுக்கு கொஞ்சம் நிம்மதி. வெறும் எப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது 'நிலுவை வழக்கு' ஆகாது என்று ஐகோர்ட்டு பல முறை சொல்லி இருக்கிறது. கேஸ் கோர்ட்டு பைலில் ஏறி இருந்தால், அந்த கோர்ட்டிலேயே அனுமதி வாங்கலாம்.

விடுதலை ஆனவரின் பெயர் இன்டர்நெட்டில் கிடக்கும் தொல்லையும் உண்டு. 2014-ல் விடுதலையான ஒருவர் தீர்ப்பில் இருந்து தன் பெயரை நீக்க கேட்டார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்கு சாதகமாக உத்தரவிட்டது. அதே ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்கு தடை போட்டது.

இலவச வக்கீல்

பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் (1987) 12-வது பிரிவில் பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் போல தொழிற்சாலை தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு தமிழகத்தில் ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். போன் நம்பர் 15100. பொன்னேரி கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். குவாஷ் மனு என்றால் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழு.

போகும் போது எப்.ஐ.ஆர். நம்பர், வருஷம், ஸ்டேஷன் பெயர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை போட்டாச்சா, கேஸ் நம்பர் என்ன என்பதை 'இ-கோர்ட்ஸ்' செல்போன் ஆப்பில் காசு இல்லாமல் பார்க்கலாம். போலீசாரே கேசை முடித்து விட்டார்கள் என்றால் 'ஆர்.சி.எஸ்.' நோட்டீஸ் நகலை கேட்டு வாங்கவும். ஐகோர்ட்டு ரத்து செய்ததும் எல்லா கம்ப்யூட்டரிலும் தானாக மாறி விடும் என்று நம்பி சும்மா இருக்கக்கூடாது. சான்றிட்ட நகல் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக கையெழுத்து வாங்கி, இன்னொன்றை வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும்.