தளரத் தயங்கும் வளையம்

எலியின் பெருந்தமனியில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் 37 டிகிரி சூட்டில் தொங்கவிட்டால், எலி செத்த பிறகும் அது மணிக்கணக்கில் வேலை செய்யும். நார்அட்ரினலின் சொட்டினால் சுருங்கும். அசிட்டைல்கோலின் சொட்டினால் தளரும். கொக்கி எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கருவி கோடாக வரைந்து காட்டும்.

ரத்தக் கொதிப்பு ரத்தக்குழாயின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்று கேட்க இதைவிட எளிய வழி இல்லை. அதற்கு வாகான எலியும் கிடைத்தது. ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் அழுத்தம் கூடிய எலிகளாகப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, 1963இல் அறிவித்த இனம் அது. மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். பிறந்த சில வாரங்களில் அழுத்தம் தானே ஏறத் தொடங்கும்.

இந்த எலியின் வளையம் அசிட்டைல்கோலினுக்குச் சரியாகத் தளர்வதில்லை. அளவைக் கூட்டினால் பாதி தளர்ந்தது மறுபடி சுருங்கவும் செய்யும். குழாய்ச் சுவரின் தசை கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நைட்ரிக் ஆக்சைடை நேரே தசைக்குத் தரும் நைட்ரோபுருசைடைச் சொட்டினால், வளையம் பெரும்பாலும் ஒழுங்காகவே தளர்கிறது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: குழாயின் உட்புறம் ஒற்றைச் செல் கனத்தில் படிந்திருக்கும் அகப்படலத்தில்.

அசிட்டைல்கோலின் இந்தப் படலத்தின் வழியாகத்தான் தசையைத் தளர்த்துகிறது என்று 1980இல் ஃபர்ச்காட்டும் ஸவாட்ஸ்கியும் முயலின் தமனியில் காட்டியிருந்தார்கள். படலத்தைத் தேய்த்து எடுத்ததும் தளர்ச்சி போய்விட்டது. படலம் அனுப்பும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெரியவந்தது. கொதிப்பு எலியிலோ அதே படலம் சுருக்கும் பொருளையும் சேர்த்தே அனுப்புகிறது. 1986இல் லூஷரும் வான்ஹூட்டும் இதை நிறுவினார்கள். வலி, வீக்கத்துக்குத் தரும் இண்டோமெதாசினைக் கரைசலில் கலந்தால் அந்தப் பொருள் உருவாவது தடைப்பட்டு, தளர்ச்சி மீள்கிறது. (இதற்காக யாரும் வலி மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். முழு உடம்பில் அது சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.)

சிறிய தமனிகளின் கதை வேறு. ஸ்வீடனின் ஃபோல்கோவ் சுட்டிக்காட்டியபடி, நெடுநாள் அழுத்தத்தில் அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது; தசை வழக்கமான அளவு சுருங்கினாலே ரத்த ஓட்டத்துக்கான தடை பன்மடங்கு கூடிவிடும். மீண்டும் அகப்படலத்துக்கு வந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்த எலிகளில் அதன் தளர்த்தும் திறன் ஓரளவு மீண்டதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.