மீனுக்காக வாங்கிய நீர்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஆற்று நீரை முதன்முதல் வயலுக்குத் திருப்பியவருக்கே முதலுரிமை. பின்வந்தோர் எஞ்சியதையே எடுக்கலாம். ஓரிகனில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாவிடில் அவ்வுரிமை பறிபோகும். ஆகவே தேவையில்லாத ஆண்டிலும் நீர் பாய்ச்சுவோர் உண்டு. கோடையில் பல ஓடைகள் வறளலாயின. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும் சால்மன் மீனுக்கோ பட்டா ஏது!

1987-இல் ஓரிகன் மாநிலம் இயற்றிய சட்டம், நீரை ஆற்றிலேயே ஓடவிடுவதும் தக்க பயன்பாடே என ஏற்றது. உழவர் தம் உரிமையை அதற்கென விற்கலாம், குத்தகைக்கு விடலாம், தானமாகவும் தரலாம். உரிமையின் பழைய தேதி மாறாது. இதுவே இச்சட்டத்தின் உயிர்நிலை. இன்றேல் ஒருவர் விட்ட நீரைக் கீழ்க்கரையார் எடுத்துக்கொள்வாரன்றோ?

ஆற்று நீருக்கு விலையா என நாமும் முதலில் முகஞ்சுளித்தோம். ஆயினும் உழவரின் வயிற்றிலடித்து மீனைக் காப்பதினும் இது நேரிய வழியாகவே நமக்குத் தோன்றுகிறது. 1993-இல் தோன்றிய ஓரிகன் நீர் அறக்கட்டளை, சால்மன் இனத்து ஸ்டீல்ஹெட் மீன்கள் ஏறிவரும் பக் ஹாலோ ஓடைக்கரைப் பண்ணையாளர் ஒருவரை 1994-இல் அணுகியது. ஓராண்டு நீரெடுக்காதிருக்க, விளைய இருந்த தீவனப்புல்லின் மதிப்பாக 6,600 டாலர் அளித்தது. நிலமும் உரிமையும் அவருடையனவாகவே இருந்தன. மறு ஆண்டு விரும்பினால் அவர் மீண்டும் பாய்ச்சலாம்.